ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டும் லினக்ஸும்: மூணு வருஷம் மல்லுக்கட்டின கதை

போன வாரம் தென்காசியிலிருந்து சித்தப்பா மகன் போன் போட்டான். "அண்ணே, ஒன்கிட்டயும் ஜிடி 730தான இருக்கு? ஒனக்கு லினக்ஸ்ல கேம் ஓடுது. எனக்கு மட்டும் ஏன் ஓடமாட்டேங்கு?"

ஓடுது என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஆனால் கேட்டுவிட்டானே.

பாளையங்கோட்டை வீட்டு மாடியில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் மூணு வருஷமாக லினக்ஸ் மின்ட்தான். மற்ற வேலைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. விண்டோஸில் உயிரை வாங்கின பிரின்டர்கூட இதில் சொருகினதும் எடுத்தது.

கடுப்பு கேமில்தான். கேம் வாங்கி ஓட்டும் ஸ்டீமில் ப்ளே அமுக்கினால் பட்டன் 'ஸ்டாப்' என்று மாறும். பத்து எண்ணுவதற்குள் மறுபடி 'ப்ளே'. எர்ரர் என்று ஒரு வரி கிடையாது. வந்த விருந்தாளி வாசலில் செருப்பைக் கழட்டிவிட்டு, என்ன நினைத்தாரோ, திரும்ப மாட்டிக்கொண்டு போனமாதிரி.

கார்டுக்கான என்விடியா கம்பெனி டிரைவரை மூணு தடவை அழித்துப் போட்டேன். 32 பிட் லைப்ரரி போட்டேன். கடைசியில் லாக் எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. விண்டோஸ் கேம் கார்டோடு டைரக்ட்எக்ஸ் என்ற பாஷையில் பேசும்; விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்ட ஸ்டீம் தரும் புரோட்டானுக்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே அதை லினக்ஸுக்கும் புரியும் வல்கன் பாஷைக்கு மாற்றும். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். என் கார்டுக்கு வந்த கடைசி டிரைவர் 470 வரிசை. அது வல்கன் 1.2-ஓடு நின்றுவிட்டது. புரோட்டான் 8 முதல் இந்தப் புது டிஎக்ஸ்விகேதான். நானோ புதுசு எதுவோ அதுவே நல்லது என்று அதையே வைத்து முட்டிக்கொண்டிருந்தேன்.

மருந்து என்ன? கேமின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டிக்குப் போய் புரோட்டான் 7 என்று மாற்றினால் போதும். அரை நிமிஷ வேலை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு ஞாயிற்றுக்கிழமை.

தம்பியிடம் இதைச் சொன்னேன். ஓடவில்லை. சந்தேகப்பட்டு டெர்மினலில், உள்ளே என்ன கார்டு என்று காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்து வாசிக்கச் சொன்னேன். "ஜிஎஃப் 108னு போட்டிருக்குண்ணே." என்னுடையது ஜிகே 208. பெட்டியில் ஒரே பேர், உள்ளே வேற சிப்பு! என்னுடையது கெப்ளர் தலைமுறை, அவனுடையது அதற்கும் முந்தின ஃபெர்மி. ஃபெர்மிக்குக் கம்பெனி டிரைவரில் வல்கனே கிடையாது. ஓபன்ஜிஎல் என்ற பழைய பாஷை வழியாகத் தள்ளலாம்; பழைய கேம்கள் பைய நகரும். "அப்ப சவத்தத் தூக்கிப் போட்டுரவாண்ணே?" என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

முந்தாநாள் இதை எழுத உட்கார்ந்தபோது ரொம்ப நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தேன். நேற்று ராத்திரி லினக்ஸின் உயிர்நாடியான கெர்னலுக்கு அப்டேட் வந்தது. 470 டிரைவர் புதுக் கெர்னலுக்கு பில்ட் ஆகவில்லை. திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் பருமன். மெஷின் கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து வெளியே வரும்போது மணி பதினொன்றரை. காலையில் அப்டேட் மேனேஜரில் கெர்னலை ஒதுக்கி வைத்துவிட்டேன். பாதுகாப்புக்கு அது நல்லதில்லை என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ஆகவே தம்பி, கேமுக்காக லினக்ஸ் பக்கம் வராதே. வந்தே தீருவேன் என்றால் செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 550 மாதிரி ஒன்றைப் பார். அதற்கு டிரைவர் கெர்னலோடும், மெசா என்ற லினக்ஸ் கிராஃபிக்ஸ் தொகுப்போடும் சேர்ந்தே வரும், வல்கன் 1.3 உண்டு. வாங்குமுன் சிப்பு பேரைக் கேட்டுக்கொள்.

மார்க் 5க்கு 2. அதில் ஒன்று பிரின்டருக்கு.

"நீ திரும்ப விண்டோஸ் போடுவியாண்ணே?" என்றான். மாட்டேன்.