எட்டு வருடக் கிட்டாரும் ஒத்துவராத இரண்டாம் கம்பியும்

போன வாரம்தான் கிட்டார் பட்டறையிலிருந்து வீடு திரும்பியது. தேய்ந்த பிரெட்களை (நெக் என்கிற நீளக் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) மட்டம் செய்து, நட்டையும் (கழுத்தின் நுனியில் கம்பிகள் உட்காரும் கட்டை) மாற்றி, 2,200 ரூபாய். அன்றைக்கே பார்த்துக் கல்லூரி நண்பன் ஒருவன் போன் செய்தான். "பொண்ணு கிட்டார் வேணும்னு நிக்கிறா. ஒன்பதாவது படிக்கிறா. நெக் முழுக்கப் பழக எவ்வளவு நாள்டா ஆகும்? நீதான் எட்டு வருஷமா வச்சிருக்கியே." ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவும் சொன்னேன், அந்தக் கதை கடைசியில். முழுப் பதில் இது.

ஸ்டீல் கம்பி, அகௌஸ்டிக், 20 பிரெட், 648 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). 2017-ல் பழையதாக வாங்கியது. மரம், பிராண்டு, சத்தம் பற்றியெல்லாம் ஊரே எழுதித் தள்ளியாயிற்று, அதை விட்டுவிடுகிறேன். நெக்கில் எந்த இடத்தில் எந்த நோட் (சுரம்) இருக்கிறது, கை தயங்காமல் அங்கே போகிறதா என்பது மட்டும்தான் இங்கே பேச்சு. அதிலும் பாதி இரண்டாம் கம்பியைப் பற்றிய புகாராகவே இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பட்டறைக்கு நான் முதல் தடவை போனது 2021-ல். கீழே சில பிரெட்களில் கம்பி இரைந்தது. பட்டறைப் பெரியவர் கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முதல் மூன்று பிரெட்களில், மெல்லிய கம்பிகள் உட்காரும் இடமெல்லாம் பள்ளம் பள்ளமாக இருந்தது. அப்புறம் கட்டைவிரலை மேலே ஓட்டிக்கொண்டு போனார். "அஞ்சாவதுக்கு மேல பாருங்க தம்பி, கடையில இருந்து இப்பதான் எடுத்தாந்த மாதிரி இருக்கு. அங்க தொட்டா ஷாக் அடிக்குமா?"

நான்கு வருட வாசிப்பு முழுக்க முதல் மூன்று பிரெட்டுக்குள்ளேயே முடிந்திருந்தது. கார்டு, அதாவது பல நோட்களைச் சேர்த்துப் பிடிக்கிற பிடி, என்றால் ஜி, சி, டி, ஈ மைனர், எப்போதாவது ஒரு எஃப். மற்ற சுருதிக்கெல்லாம் கேபோ, நெக்கில் மாட்டி எல்லாக் கம்பியின் சுருதியையும் ஏற்றுகிற கிளிப். என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே தெரியாது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. பிரெட் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்துதான் நெக்கைப் படிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது பிரெட் வரைக்கும், திறந்த கம்பிகளையும் சேர்த்து, 78 இடங்கள். கம்பிகள், கனமான ஆறாவதிலிருந்து மெல்லிய முதலாவது வரை, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. நோட்களின் பெயர்கள் பன்னிரண்டுதான். பன்னிரண்டு பெயர் எழுபத்தெட்டு வீட்டில் குடியிருந்தால் யாரை எங்கே தேடுவது? மெல்லிய முதல் கம்பியைச் சும்மா மீட்டினால் வருகிற அதே ஈ, அதே உயரத்தில், இரண்டாம் கம்பியின் 5-லும், மூன்றாவதன் 9-லும், நாலாவதன் 14-லும், ஐந்தாவதன் 19-லும் இருக்கிறது. கீபோர்டில் அதற்கு ஒரே ஒரு கட்டைதான். அங்கே கறுப்பு வெள்ளை என்று அடையாளமாவது உண்டு. இங்கே எல்லாப் பிரெட்டும் ஒரே முகம். அகலம் மட்டும் மேலே போகப் போகக் குறையும்: முதல் பிரெட்டுக்கு 36 மில்லிமீட்டர் இடம், பன்னிரண்டாவதற்கு 19.

முதலில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன். வேஸ்ட். கண் எழுத்தை வாசிக்கிறது, விரல் கண்ணுக்குப் பின்னால் போகிறது, மூளை எதையும் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. ஆறு மாதம் கழித்து உரித்தபோது பிசின் மிச்சம், நோட் பூஜ்யம். அடுத்தது போன் ஆப். புள்ளி ஒன்றைக் காட்டி இது என்ன நோட் என்று கேட்கும், நான் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எடுப்பேன். கிட்டாரைக் கையில் எடுத்தால் ஒன்றும் வராது. ஏனென்று புரிய நாளாயிற்று. ஆப் இடத்தைக் காட்டிப் பெயரைக் கேட்கிறது. வாசிக்கும்போது பெயர்தான் முதலில் வரும், இடத்தைத்தான் தேட வேண்டும். வீட்டைப் பார்த்து இது யார் வீடு என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, அந்த ஆளின் வீட்டுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

சி, ஏ, ஜி, ஈ, டி என்ற ஐந்து கார்டு வடிவங்களை நெக் முழுக்க நகர்த்துகிற முறையும் படித்தேன். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வடிவம்தான் மனப்பாடம் ஆனது. அதற்குள் இருக்கும் நோட்கள் அப்போதும் அந்நியர்களாகவே இருந்தார்கள்.

வழி பெரியம்மாவிடமிருந்து வந்தது. அவர் வீணை வாசிப்பவர், எழுபதைத் தாண்டியவர். விடுமுறைக்கு வந்திருந்தபோது நான் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இருபத்து நாலு மெட்டு இருக்கு வீணையில. ஒண்ணுக்காவது நாங்க இப்படிப் பேர் எழுதி ஒட்டினோமா? ஒத்தைக் கம்பியில சரளி வரிசை வாசி. வாசிக்கும்போது வாயை மூடாதே, பாடு."

சரி என்று ஆறாவது கம்பியைச் சட்ஜமாக வைத்து, சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளை வாசித்துப் பார்த்தேன். திறந்த கம்பி ச, அப்புறம் பிரெட்கள் 1, 4, 5, 7, 8, 11, 12. குறுக்கே கம்பி தாவாமல் நெக்கின் நீளத்துக்கே கை போய்வருவது எனக்கு அதுதான் முதல் தடவை. வாசித்துக்கொண்டே பக்கவாட்டுப் புள்ளிகளைப் பார்த்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். ஐந்தாவது பிரெட்டின் புள்ளி ம. ஏழாவது ப. இரட்டைப் புள்ளி, பன்னிரண்டில், மேல் ச. எந்தக் கம்பியானாலும் இதேதான். மூன்றாவது பிரெட்டின் புள்ளி சாதாரண காந்தாரம், ஒன்பதாவது சதுஸ்ருதி தைவதம். நான்கு வருடமாக அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்த முத்துச் சிப்பிப் புள்ளிகள், எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சுரங்களின் மேல் உட்கார்ந்திருந்தன!

இந்த எட்டு வருடத்தில் கிட்டார் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய சந்தோஷம் அந்தச் சாயங்காலம்தான். அதற்கப்புறம் ஆறு கம்பியிலும் ம, ப, ச மட்டும் பாடிப் பாடி வாசித்து, மேலே ஆங்கிலப் பெயரைச் சேர்த்தேன். ஈ கம்பியில் ம என்றால் ஏ, ப என்றால் பி. ஏ கம்பியில் டி, ஈ. பதினெட்டு இடம் நங்கூரம் போட்டது போல நின்றுவிட்டது. மற்ற இடமெல்லாம் அவற்றுக்குப் பக்கத்து வீடுதானே.

அப்புறம் ஒரு வாரத்துக்கு ஒரு நோட் என்று வைத்துக்கொண்டேன். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில், ஒரு தட்டுக்கு ஒரு கம்பி, கனமான கம்பியில் தொடங்கி ஆறிலும் அந்த நோட்டைப் பிடிக்க வேண்டும். சி என்றால் பிரெட்கள் 8, 3, 10, 5, 1, 8. எஃப் என்றால் 1, 8, 3, 10, 6, 1. தினம் பத்து நிமிடம்தான். ஏழு இயற்கை நோட்டுக்கு ஏழு வாரம் ஆயிற்று. ஷார்ப், ஃபிளாட் எல்லாம் கொசுறு.

இங்கேதான் அந்த இரண்டாம் கம்பி.

எஃப் வரிசையை இன்னொரு தடவை பாருங்கள். 1, 8, 3, 10. ஏழு ஏறி, ஐந்து இறங்கி, ஏழு ஏறி. அடுத்து ஐந்து இறங்கி 5 வரவேண்டும். வராது, 6. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கனமான கம்பியிலிருந்து மெல்லியதை நோக்கிப் போனால், அடுத்தடுத்த கம்பிகளுக்கு நடுவே ஐந்து ஐந்து பிரெட் தூரம், மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மட்டும் நாலு. ஐந்தாவது பிரெட்டில் அழுத்திச் சுருதி சேர்க்கும்போது அந்த ஒரு கம்பிக்கு மட்டும் நாலாவதில் அழுத்தச் சொல்வார்களே, அதே வில்லங்கம். ஆறாவது கம்பியில் ஒரு நோட்டைப் பிடித்தால் இரண்டு கம்பி தள்ளி, இரண்டு பிரெட் மேலே அதன் மேல் ஸ்தாயி. ஐந்தாவதிலிருந்தும் அப்படியே. நாலாவதிலிருந்து போனால் மூன்று பிரெட். மூன்றாவதிலிருந்தும் மூன்று. எந்த வடிவத்தைக் கற்றுக்கொண்டாலும் அந்த எல்லையைத் தாண்டும்போது ஒரு பிரெட் உயர்த்த வேண்டும். இறங்கி வரும்போது ஒன்றைக் குறைக்க வேண்டும். நேராகப் போகிற படிக்கட்டில் ஒரே ஒரு படியை மட்டும் கொத்தனார் உயரம் குறைத்துக் கட்டியது போல. தினம் ஏறுகிறவனும் அவசரத்தில் அங்கே தடுக்குவான்.

இத்தோடு விட்டால் பரவாயில்லை, அது காதையும் படுத்துகிறது. டியூனர் (சுருதி பார்க்கும் கருவி) சரி என்று பச்சை காட்டும். ஜி கார்டு போட்டால் இரண்டாம் கம்பி கொஞ்சம் ஏறி நிற்பது போலக் கேட்கும். அங்கே அது அந்தர காந்தாரம், ச-விலிருந்து நாலு பிரெட் தள்ளி இருக்கும் காந்தாரம். பிரெட் வைத்த வாத்தியத்தின் காந்தாரம் சுத்தமான காந்தாரத்தைவிட ஒரு அரைச்சுரத்தில் (ஒரு பிரெட் தூரம்) ஏழில் ஒரு பங்கு அளவுக்கு ஏறியே இருக்கும். காதுக்காக இறக்கினால் ஈ கார்டு கெட்டுப்போகும், ஏனென்றால் அங்கே அதே கம்பி பஞ்சமம். ஒரு கம்பி இரண்டு எஜமானருக்குக் கைகட்டி நிற்கிறது, இருவரிடமும் திட்டு வாங்குகிறது. இந்தக் கட்டுரையில் அதன் மேல் நான் காட்டும் ஒரே பரிதாபம் இதுதான்.

கோபத்தில் ஒரு தடவை ஒழுங்கை மாற்றியே பார்த்தேன். இரண்டாவதை சி-க்கும் முதலாவதை எஃப்-க்கும் ஏற்றிவிட்டால் எல்லாத் தூரமும் ஐந்துதான். அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் ஸ்டான்லி ஜோர்டன் இப்படித்தான் வைத்துக்கொள்கிறார். மூன்று வாரம் சொர்க்கம். ஒரே வடிவம் நெக் முழுக்க நேராக ஓடியது. பிரச்சினை என்னவென்றால், அவர் இரண்டு கையாலும் நெக்கைத் தட்டியே வாசிக்கிற மேதை, நான் வீட்டில் பாட்டுக்குக் கார்டு அடிக்கிற ஆள். ஜி போச்சு, சி போச்சு, ஒரே விரலால் ஆறு கம்பியையும் அமுக்கிப் போடுகிற எஃப் போச்சு. "ஸ்கேல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பாட்டு எப்ப வரும்?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்ட அன்று பழையபடி இறக்கினேன். அந்த ஒரு குட்டைப் படி இருப்பதால்தான் முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் ஒரே ஈ-யில் முடிகின்றன, சாதாரணக் கார்டுகள் சாதாரண விரல்களுக்கு எட்டுகின்றன. 16-ஆம் நூற்றாண்டின் நாலு வரிசைக் கிட்டாரிலேயே அது உண்டு. ஐந்நூறு வருடமாக யாரும் எடுத்துப்போடவில்லை என்றால் காரணம் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டால் பிடித்துவிட வேண்டுமா என்ன.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன பொங்கலுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் நிகழ்ச்சி. பாடுகிற பெண்மணி ஒத்திகையில் ஐந்து கட்டை என்றார், எனக்கு ஜி, சுகம். மேடையில் ஏறியதும் காதருகே வந்து, "தொண்டை கட்டியிருக்கு சார், நாலரைக்கு எறக்கிக்கலாமா?" நாலரை என்றால் எஃப் ஷார்ப். கேபோ வீட்டில், மேசை மேல். பழைய நானாக இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கியிருப்பேன். அன்றைக்குக் கை தானாகப் போயிற்று. ஆறாவது கம்பியில் இரண்டு, ஐந்தாவதில் இரண்டு, நாலு, மைனருக்கு ஆறு. இரண்டாவது சரணத்தில் ஒரு சின்ன மெலடிகூட வாசித்தேன், பதினோராவது பிரெட் பக்கத்தில். யாரும் கவனிக்கவில்லை. எனக்குப் போதும்.

இந்தத் தடவை பட்டறையில் அதே பெரியவர், அதே ஜன்னல். "இப்ப பரவாயில்ல தம்பி, அஞ்சு, ஏழு, ஒன்பது எல்லாம் தேஞ்சிருக்கு" என்றார். பெருமையாக இருந்தது, பிரெட் தேய்ந்ததற்கு யாராவது பெருமைப்படுவார்களா தெரியாது. "ஆனா ரெண்டாம் கம்பிக்கு அடியில மட்டும் எதுக்கு இந்த அமுக்கு?" பயிற்சி என்றேன். பழிவாங்கல் என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆக நண்பனின் கேள்விக்குப் பதில்: ஸ்டிக்கரும் ஆப்பும் இல்லாமல், பாடிக்கொண்டே பழகினால் நோட்கள் தெரிய இரண்டு மாதம். யோசிக்காமல் கை போக இரண்டு வருடம். இரண்டாம் கம்பியில் தடுக்காமல் போக எவ்வளவு என்று எட்டாவது வருடத்தில் என்னிடம் கேட்காதே.

ஆனால் அவன் போன் செய்த அன்று நான் இதையெல்லாம் சொல்லவில்லை. புதுக் கம்பி போட்டு அரை மணி நேரமாக அந்தப் பாழாய்ப்போன பி-யைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். "கிட்டாரே வேணாம்டா, கீபோர்டு வாங்கிக் குடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். கிட்டாருக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன் என்றும் சொன்னதாக ஞாபகம்.

அவன் கீபோர்டும் வாங்கவில்லை. நாலு கம்பிதானே, சுலபமாக இருக்கும் என்று உகுலேலே வாங்கிக் கொடுத்திருக்கிறான். நேற்று ராத்திரி அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

"மாமா, ஒரு டவுட். ஈ கம்பியில அஞ்சாவது பிரெட் அமுக்கினா ஏ வருது. ஆனா சி கம்பியில நாலாவதுலயே ஈ வந்துடுது. ஏன் ஒரே மாதிரி இல்ல?"

அப்பாவிடம் போனைக் கொடும்மா என்றேன்.