சாட்ஸ்வர்த் ஜிம்மில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்: சேரலாமா?

2023-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வணிகவியல் மூன்றாம் வருடம் படிக்கும்போது, பிப்ரவரி முதல் ஜூலை வரை அந்த ஊரின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு சின்ன விளையாட்டுப் பயிற்சி ஜிம்மில் இன்டர்னாக இருந்தேன். பழைய கார் ஒர்க்‌ஷாப் கூடத்தில் ஒரு அக்கா நடத்துகிறார். நான்காம் தலைமுறை டர்பன் தமிழர். பாட்டி போன பிறகு தமிழ் பேச ஆளில்லை என்று என்னோடு விடாமல் தமிழிலேயே பேசுவார்.

முதல் இரண்டு வாரம் தரை துடைப்பதும் வருகைப் பதிவேடு எழுதுவதும்தான். அலுப்பாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் பதிவேட்டைத் திறந்து, "யார் வரலேன்னு பாரும்மா" என்றார். பத்து நாளாக வராத நான்கு பேருக்கு என்னையே போன் போடச் சொன்னார். "ஃபீஸைப் பத்திப் பேசாதே, முழங்கால் எப்படி இருக்குன்னு மட்டும் கேளு." மூன்று பேர் திரும்பி வந்தார்கள். மொத்தம் 64 உறுப்பினர், ஆளுக்கு மாதம் 650 ரேண்ட். வாடகை 18,000 போக மீதியில்தான் கரண்ட், தண்ணீர், இரண்டு பயிற்சியாளர்களின் சம்பளம் எல்லாம். நான்கு பேர் நின்றால் 2,600 ரேண்ட் போச்சு. வகுப்பில் மூன்று வருடம் கேட்ட கணக்கு அந்த நோட்டில்தான் எனக்குப் புரிந்தது.

வருட ஒப்பந்தத்தில் இருந்த ஒரு அங்கிள், வேலை போய்விட்டது, டெபிட் ஆர்டரை (வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதை) நிறுத்துங்கள் என்று வந்தார். வருடம் முடியாமல் விலக முடியாது என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இங்குள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால் அவர் விலகலாம்; நியாயமான ஒரு தொகையை மட்டும் நாம் கேட்கலாம். அதையும் அக்கா வாங்கவில்லை. அங்கிளிடம் என்னையே போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அந்த ஜூனில் காம்ரேட்ஸ் மாரத்தான் இறக்க ஓட்டம்: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு, 90 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 12 மணி நேரத்துக்குள். இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டும், பழகாத தொடை பாதி வழியில் கைவிட்டுவிடும். அதனால் அதில் ஓடவிருந்த எங்கள் உறுப்பினர் ஒன்பது பேருக்கு, மரப்பெட்டி மேல் ஒற்றைக் காலில் நின்று, மறு குதிகாலை மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாகத் தரைக்கு இறக்கும் பயிற்சி, காலுக்கு எட்டு. அக்கா வர முடியாத ஒரு மாலை அந்த ஒன்பது பேரும் என் பொறுப்பில். பாதியில் மின்வெட்டு. "எல்லாரும் கீழே இறங்கி நில்லுங்க" என்றேன், குரல் நடுங்கியது. போன் டார்ச்சை எரியவிட்டு, அதன் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தேன். கூடம் முழுக்க மங்கலாக வெளிச்சம் பரவியது. அப்பா வயதுக்காரர் ஒருவர், "நீ எண்ணும்மா, நாங்க செய்றோம்" என்றார். எண்ணினேன். ஒன்பது பேரும் முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

குறைகளும் உண்டு. சம்பளம் கிடையாது, டாக்ஸி காசு மட்டும். காலை 4:45-க்குக் கதவு திறக்க வேண்டும். எழுத்தில் பயிற்சித் திட்டமும் இல்லை. கல்லூரி கேட்ட மதிப்பீட்டுப் படிவத்தை நானே தயாரித்துக் கையெழுத்து வாங்கினேன். இது மாற வேண்டும்.

ஆனாலும் சேருங்கள். ஜனவரியில் மட்டும் வேண்டாம், புது உறுப்பினர் கூட்டத்தில் அக்காவுக்குச் சொல்லித்தர நேரமிருக்காது. பிப்ரவரியில், மதியம் இரண்டு மணிக்குப் போய்க் கேளுங்கள். நோட்டு எழுத அப்போதுதான் உட்கார்வார்.