ஒக்கி நாட்களை வைத்து மின்வாரியத்துக்கு என் மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு

கரண்ட் போனால் எல்லோரும் ஈ.பி.யைத் திட்டுகிறோம். குமரி மாவட்டத்துக்காரர் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போடுவதென்றால் 2017 நவம்பர் 30-ஐ விட்டுவிட்டுப் போட முடியாது. அன்று ஒக்கி புயலில் ஆயிரக்கணக்கான போஸ்ட்டுகள் ஒடிந்தன. மலையோரத்தில் ரப்பர் மரங்கள் கூட்டமாகச் சாய்ந்து லைனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்ததால், புது போஸ்ட் நடப் போகவே முதலில் மரத்தை அறுத்து வழி எடுக்க வேண்டியிருந்தது. கோதையாறில் நீர்மின் நிலையம், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகள் என்று மின்சாரம் பிறக்கிற மாவட்டம்தான் இது, ஆனால் கம்பி அறுந்தால் அதெல்லாம் வீட்டுக்கு உதவாது. மோட்டார் ஓடாமல் குடிதண்ணீரும் நின்றது.

அப்போது நம்மைத் தூக்கிவிட்டது வெளிமாவட்டங்களில் இருந்து வந்து இறங்கிய தொழிலாளர்களும் நம் ஊர் லைன்மேன்களும் சேர்ந்துதான். வந்தவர்களுக்கு வேலை தெரியும், ஆனால் எந்த விளை (தோப்பு) வழியாக எந்த லைன் போகிறது, எந்த டிரான்ஸ்பார்மரை நிறுத்தினால் எந்தத் தெரு அணையும் என்பது இங்கேயே வருடக்கணக்கில் போஸ்ட் ஏறியவருக்குத்தான் தெரியும். பல ஊர்களுக்கு நாட்கணக்கில் ஆனது, சரி, அந்த அழிவைப் பார்த்தவர்கள் அதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் காலிப் பணியிடங்களை நிரப்பாமல் விடுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஓய்வு பெறும் லைன்மேனோடு அந்த வரைபடமும் போய்விடும், புயல் வந்த பிறகு ஆள் எடுத்துப் பழக்க முடியாது.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது, கரண்ட் எப்போது வரும் என்ற தகவல் ஜனங்களுக்குச் சரியாகப் போய்ச் சேராததற்காக. 2021-ல் தொடங்கிய மின்னகம் என்ற மின்வாரியப் புகார் மையம், 94987 94987, சாதாரண நாளில் நல்ல ஏற்பாடு, எந்நேரமும் புகார் எடுக்கிறார்கள். ஆனால் ஒக்கி மாதிரி நாளில் செல்போன் டவரும் சேர்ந்து படுத்துவிடும், அப்போது எந்த எண் இருந்து என்ன? இன்றைக்கு எந்தப் பகுதிக்குக் கரண்ட் வரும், நாளைக்கு எந்தப் பகுதிக்கு என்று பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒரு போர்டில் எழுதிப் போட்டாலே ஜனங்கள் பாதி நிம்மதி அடைவார்கள், செலவும் கிடையாது.

அப்புறம், வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு ஓட்டுங்கள். ஜெனரேட்டர் கரண்ட் திரும்பி வெளி லைனில் ஏறினால் போஸ்ட்டில் நிற்கிறவர் உயிர் போய்விடும்.