சாரல் நாளில் தக்காளி நாற்றும் ஊதா விளக்கும்

செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாது. அருவியில் குளிக்க வருவோருக்கு அது கொண்டாட்டம்தான். மாடியில் குழித்தட்டு வைத்துத் தக்காளி நாற்று வளர்ப்பவருக்கோ, முளைத்த சில நாளிலேயே தண்டு வெளிறி நூல்போல நீண்டு சாய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம். இதற்காகப் புனலூரில் ஒரு மின்பொருள் கடையில் 1,450 ரூபாய்க்கு எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு ஒன்றை வாங்கி, ஏழு வாரம் எரித்துப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

பெட்டியின் முகப்பில் 100 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். மின்னளவியில் செருகிப் பார்த்தால் 22 வாட்தான் இழுக்கிறது. நாளுக்குப் 12 மணி நேரம் எரித்தாலும் மாதம் எட்டு யூனிட்டைத் தாண்டாது என்பதால் மின்கட்டணத்தில் எனக்கு இலாபமே, நட்டம் செடிக்கு. ஒளியின் அளவாகப் பெட்டி தரும் லூமன் கணக்கும் பயன்படாது, ஏனெனில் அது மனிதக் கண்ணின் உணர்திறனை வைத்து வகுத்தது. இலைக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் நொடிக்கு எத்தனை விழுகின்றன என்ற கணக்கு. அது பெட்டியில் எங்குமே இல்லை.

ஆகவே இலையிடமே கேட்பது என்று முடிவு செய்தேன். இலை, காற்றிலிருந்து கரியமில வாயுவை இலைத்துளை வழியாக எடுத்துக்கொண்டு, வேர் அனுப்பிய நீரை ஒளியின் ஆற்றலால் பிளந்து, அந்த நீரிலிருந்து பிரிந்த ஆக்சிஜனை வெளியேவிட்டுச் சர்க்கரையை உண்டாக்குகிறது. பகலில் மிஞ்சும் சர்க்கரையை மாவுச்சத்தாகச் சேமித்து, இரவில் எடுத்துச் செலவழிக்கிறது. மாவுச்சத்தைப் பார்த்தால் இலையின் அன்றைய வருமானம் தெரிந்துவிடும். மூன்று தொட்டிச் செடிகளை இரண்டு நாள் இருட்டு அலமாரியில் வைத்துக் கையிருப்பைத் தீர்த்தபின், ஒவ்வொன்றிலும் ஓர் இலையின் பாதியைக் கருப்புத் தாளால் மூடி, ஒன்றை விளக்குக்கு அரை அடியிலும், ஒன்றை இரண்டடியிலும், மற்றொன்றைச் சாரல் வெளிச்சம் வரும் சன்னலிலும் எட்டு மணி நேரம் வைத்தேன். பிறகு இலைகளைக் கொதிநீரில் வாட்டி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த ஸ்பிரிட்டில் ஊறவிட்டுப் பச்சையை நீக்கி (ஸ்பிரிட்டை நேரடியாக அடுப்பில் ஏற்றினால் தீப்பற்றும்), மாவுச்சத்தைக் கருநீலமாக்கிக் காட்டும் அயோடின் விட்டேன். அரை அடி இலை, மூடிய பாதி தவிர, கருநீலமாக மாறியது. இரண்டடி இலையில் அங்கங்கே மங்கலான திட்டுகள் மட்டுமே. சன்னல் இலை இரண்டுக்கும் நடுவில் நின்றது. மூன்றடி உயரத்தில் தொங்கவிடச் சொல்லும் பெட்டிக் குறிப்பை நம்பியிருந்தால் என் நாற்றுகள் பட்டினி கிடந்திருக்கும்.

விளக்கு சிவப்பும் நீலமும் மட்டும் உமிழ்கிறது. "செடிக்குப் பச்சை ஒளி வேண்டாம்" என்பது பெட்டியின் வாதம். 1882இல் எங்கல்மான் என்ற ஜெர்மானியர், முப்பட்டகத்தால் பிரித்த ஒளியை இழைப்பாசிமேல் விழச் செய்தபோது, ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் மொய்த்ததைக் கண்டார். வாதத்தின் வேர் அங்கே இருக்கிறது. அதிலிருந்து பச்சை வீண் என்று முடிவுகட்டுவது தவறு. இலை பச்சை ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பியனுப்புகிறது. பெரும்பகுதியை உள்வாங்கி, அடியடுக்குச் செல்கள்வரை பயன்படுத்திக்கொள்கிறது. மேலும், இந்த ஊதா வெளிச்சத்தில் இலை கருப்பாகத் தெரிவதால், அசுவினிப் பூச்சி ஏறியதை நான் இரண்டு நாள் கவனிக்கவே இல்லை. (எதிர்வீட்டு ஆச்சி, கோயில் கொடைக்குச் சீரியல் விளக்குப் போட்டிருக்கிறேனா என்று கேட்டதை இதன் குறையாகச் சொல்ல மாட்டேன்.)

அரை அடியில் பிடித்து வைத்தால் நான்கு இலை விடும்வரை நாற்றைத் தண்டு பருத்து வளர்க்கிறது. அந்த அளவுக்குக் காசுக்குப் பழுதில்லை. காய்க்க வைக்கலாம் என்ற எண்ணத்தில் வாங்க வேண்டாம். டைமர் உடன் வருவதில்லை. தனியாக வாங்க வேண்டும். அடுத்த சாரலுக்கு, சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கு இரண்டைத் தட்டுக்கு நெருக்கமாகக் கட்டி, இதே அயோடின் சோதனையை வைத்துப் பார்க்கப்போகிறேன்.