வயரா, நைலானா, டைனீமாவா: மூரிங் டெக்கில் மூன்றோடும் மல்லுக்கட்டியவன் சொல்வது

போன வாரம் ஊர்ப் பையன் ஒருவன் கூப்பிட்டான். டேங்கரில் ஓஎஸ், அதாவது கடைநிலை மாலுமி, முதல் கான்ட்ராக்ட். "அண்ணே, டிரை டாக்ல வயரையெல்லாம் கழட்டிட்டு டைனீமா போடுறாங்க, இனிமே கயிறு அறுந்தாலும் ஆள அடிக்காதாமே, நிஜமா?" என்று கேட்டான். அவன் கேட்டது மூரிங் கயிறுகளைப் பற்றி, அதாவது கப்பலைத் துறைமுகத்தில் இழுத்துக் கட்டி நிறுத்தும் கயிறுகள். போனில் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்த நீட்டி முழக்கல்.

பழைய டேங்கர் ஒன்றில் வயர் (எஃகுக் கம்பிக் கயிறு), பல்க் கேரியர்களில் நைலானும் பாலிபுரொப்பிலின் கலவைக் கயிறும், கடைசி இரண்டு கப்பலில் எச்எம்பிஇ என்று மூன்றையும் இழுத்திருக்கிறேன். எச்எம்பிஇ என்பது மிகப் பலமான ஒருவகைப் பாலிஎத்திலீன் நார், டைனீமா அதன் ஒரு பிராண்டு பெயர்தான், ஆனால் டெக்கில் யார் கம்பெனி பார்க்கிறார்கள், எல்லாமே டைனீமாதான்.

முதலில் கனத்தைப் பார்ப்போம், ஏனென்றால் முதுகு வலிதான் எல்லோருக்கும் முதலில் தெரியும். 32 மிமீ வயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 4 கிலோ. 220 மீட்டர் வயரை விஞ்ச் டிரம்மில் (கயிறு இழுக்கும் இயந்திரத்தின் உருளை) ஏற்றினால் 900 கிலோ பக்கம் வந்துவிடும். அதே தடிமனில் எச்எம்பிஇ கிட்டத்தட்ட அதில் ஏழில் ஒரு பங்குதான், பலத்திலோ வயருக்கு இளைத்ததில்லை. மிதக்கவும் செய்யும், அதனால் கயிற்றைக் கரைக்குக் கொண்டு போகும் மூரிங் படகில் நிற்கிறவர்கள் நம்மைத் திட்டுவது குறையும். வயரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொக்கி போட்டு இழுத்த இடத்தில் இதை ஒரே ஆள் கையோடு கொண்டு போகலாம். கிரீஸ் வேண்டாம், துரு கிடையாது. வயரில் அறுந்த கம்பி நுனிகள் முள்ளு முள்ளாய் நீட்டிக்கொண்டு கையுறையைத் தாண்டி ஏறும், என் இடது உள்ளங்கையில் அதற்கு இன்னும் அடையாளம் இருக்கிறது. ஆக, அன்றாடக் காயங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் வயர் தோற்றுவிட்டது, அதில் பேச்சே இல்லை.

நைலான் வேறு ஜாதி. நன்றாக நீளும், அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்குக்கு மேலும் இழுபடும். அலையாடும் பெர்த்தில் (கப்பலை நிறுத்திக் கட்டும் இடம்), பக்கத்தில் பெரிய கப்பல் வேகமாகப் போகிற கால்வாயில், அந்த நீட்சி ஒரு வரம், ஏனென்றால் கப்பல் ஆடுகிற ஆட்டத்தைக் கயிறே வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதெல்லாம் உள்ளேயே இருக்கிறது, அறுந்தால் மொத்தத்தையும் திருப்பிக் கொடுக்கும். கவண் ரப்பரை நினைத்துக்கொள்ளுங்கள், தொடை தடிமனில். நனைந்தால் நைலான் பலத்தில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் இழக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மூரிங் கயிறு நனையாத நாள் எது? பாலியெஸ்டருக்கு அந்தக் குறை இல்லை, நீட்சியும் மட்டாக இருக்கும், அதனால்தான் பல இடங்களில் நைலானுக்குப் பதிலாக அதை விரும்புகிறார்கள். வயர் அறுவதற்கு முன் பெரும்பாலும் முனகிக் காட்டும். நார்க் கயிறுகள் அந்த மரியாதையைக்கூட எதிர்பார்க்க விடாது.

சரி, பையன் கேட்ட விஷயம். எச்எம்பிஇ அறும்போதும் வெறும் மூன்று நான்கு சதவீதம்தான் நீண்டிருக்கும், அதனால் அதற்குள் தேங்குகிற ஆற்றல் குறைவு, அறுந்தால் தொப்பென்று கீழே விழும். இதைத்தான் விற்பனைக்காரர்கள் சொல்கிறார்கள், டெக் ஆட்களின் மேஸ்திரியான போசனும் சொல்கிறார். வெறும் எச்எம்பிஇயை மட்டும் கட்டினால் இது பெரும்பாலும் சரி. ஆனால் யாரும் வெறுமனே கட்டுவதில்லையே! துளியும் இளகாத கயிறு அலையில் பட்டென்று முறியும் என்பதற்காக நுனியில் நைலானிலோ பாலியெஸ்டரிலோ 11 மீட்டர் டெயில் போடுகிறோம், திறந்த கடல் பக்கமான பெர்த்துகளுக்கு 22 மீட்டர்கூட. அந்த டெயில் நீண்டு நிற்கும்போது எச்எம்பிஇ பகுதி அறுந்தால், டெயிலில் இருக்கிற ஆற்றல் முழுவதும் கயிற்றை விசிறி அடிக்கிறது. நீளாத கயிற்றோடு நீளும் வாலைக் கட்டியாயிற்று, அப்புறம் ஸ்னாப்பேக் (அறுந்த கயிறு திருப்பி அடிப்பது) இல்லை என்றால் எப்படி?

இது காகிதக் கணக்கு இல்லை. 2015 மார்ச் 2ஆம் தேதி வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவனில், சவுத் ஹூக் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) முனையத்தில் ஜார்கா என்ற ராட்சத எல்என்ஜி கப்பலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது எச்எம்பிஇ கயிறு அறுந்து, முன்பக்க மூரிங் குழுவை நடத்திய அதிகாரியின் தலையில் அடித்தது, படுகாயம். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஆராய்ந்தபோது, டெயிலின் நீட்சி சேர்ந்துதான் ஸ்னாப்பேக் வந்தது என்று தெளிவாகச் சொன்னார்கள். அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. கயிறு அறுந்தது அதன் சான்றிதழில் போட்ட பலத்தைவிட வெகு குறைந்த இழுவையில். உள்ளே நார்கள் நசுங்கி நைந்து போயிருந்தன, மேலே உறை போட்ட கயிறு என்பதால் வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

உறையா, உறை இல்லாததா என்பது தனிச் சண்டை. உறை உரசலைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் நோய் உள்ளே. உறை இல்லாத கயிறு சீக்கிரம் பிசிறு தட்டும், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் புரிகளை விரித்து உள்ளே பார்க்கலாம். நான் அசிங்கத்தின் கட்சி.

எச்எம்பிஇயின் இன்னொரு வீக்னஸ் சூடு. 70 டிகிரியைத் தாண்டினாலே பலம் இறங்க ஆரம்பிக்கும், 150 டிகிரிக்குள் உருகியே போகும். அதோடு வழுக்கும். வார்ப்பிங் டிரம்மில் (கயிற்றைச் சில சுற்று மட்டும் போட்டு இழுக்கும் விஞ்சின் பக்க உருளை) நைலானுக்குப் போடுகிற சுற்றுகளையே இதற்கும் போட்டுவிட்டு டிரம்மை வழுக்கிச் சுழல விட்டால், கயிறும் பிடிக்காது, உரசலில் உள்ளே பொசுங்கவும் செய்யும். இது டிரம்மோடு நிரந்தரமாக இருக்க வேண்டிய கயிறு. கப்பலில் போதிய டிரம் இல்லை, பாதிக் கயிறுகளை வார்ப்பிங் டிரம்மில் இழுத்து, ஸ்டாப்பர் (கயிற்றைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் துண்டு) போட்டு, பிட்ஸில் (டெக்கில் உள்ள இரட்டைக் கட்டுத்தூண்) மாற்றிக் கட்டுவதுதான் வழக்கம் என்றால் பாலியெஸ்டர் கலவைக் கயிறே போதும். (ஸ்டாப்பரை மட்டும் நைலானில் எடுக்காதீர்கள். வயருக்கு என்றால் சங்கிலி.)

கயிறு எதுவானாலும் விஞ்ச் பிரேக்கைக் கவனிக்காமல் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. எண்ணெய்க் கம்பெனிகளின் கடல்துறை அமைப்பான ஓசிஐஎம்எஃப் 2018இல் வெளியிட்ட நான்காம் பதிப்பு வழிகாட்டியின்படி, கப்பலுக்கென்று தீர்மானித்த அறுபலத்தில் 60 சதவீதம் வந்ததும் பிரேக் வழுக்கிக் கயிற்றை விட வேண்டும், அறும்வரை பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றாட வேலைப் பளு நார்க் கயிறுக்கு 50 சதவீதம், வயருக்கு 55 சதவீதம். இரண்டு பாகமாகப் பிரித்த டிரம்மில் இழுவைப் பக்கம் ஒரே அடுக்குதான் இருக்க வேண்டும், அடுக்கு கூடினால் பிரேக் பிடி குறையும். சுற்றும் திசையை மாற்றிப் போட்டால் பட்டை பிரேக்கின் பிடி பாதியாகக்கூட இறங்கிவிடும். ஒருமுறை புதுக்கயிறு ஏற்றிய அவசரத்தில் நாங்களே தலைகீழாகச் சுற்றிவிட்டோம். ராத்திரி அலை வந்தபோது கப்பல் மெல்ல நகர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது, சீஃப் ஆபீசர் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்தார். விஞ்ச் தானாகவே கயிற்றை இழுத்தும் விட்டும் சரிசெய்யும் ஆட்டோ டென்ஷனும் அப்படித்தான், பெர்த்தில் கட்டிய பிறகு போட்டு வைத்தால் முன்னும் பின்னும் விஞ்சுகள் ஒன்றையொன்று இழுத்துக் கப்பலையே நடத்திக்கொண்டு போகும். பிரேக் போடுங்கள், கியரைக் கழற்றுங்கள்.

ஸ்னாப்பேக் ஜோனை மஞ்சள் பெயின்டில் கோடு போடும் பழக்கம் இன்னும் பல கப்பலில் இருக்கிறது. வேலைப் பாதுகாப்புக்கான பிரிட்டிஷ் நடைமுறைக் கையேடு அதைத் தவிர்க்கச் சொல்கிறது, ஏனென்றால் கோட்டுக்கு வெளியே நின்றால் ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு வந்துவிடும். மூரிங் டெக் முழுவதுமே ஆபத்துப் பகுதிதான். ஃபேர்லீடையும் (கயிறு கப்பலை விட்டு வெளியேறும் வழிகாட்டி) ரோலரையும் சுற்றிவிட்டு வருகிற கயிறு எந்தக் கோட்டையும் மதிப்பதில்லை.

காசு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்எம்பிஇ வாங்கும்போது வலிக்கும், பராமரித்தால் பல வருஷம் ஓடும். பராமரிக்காத முதலாளிக்கு அது விலை உயர்ந்த ஏமாற்று. 2024 ஜனவரி 1 முதல் சோலாஸ் (கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) மூரிங் கயிறுகளின் பரிசோதனை, பராமரிப்பு, பதிவேடு ஆகியவற்றைப் பழைய கப்பல்களுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது, அதனால் "எப்ப வாங்கினது, தெரியலையே" என்ற பதில் இனி செல்லாது.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்: எல்லாக் கயிறும் டிரம்மில் இருக்கிற டேங்கருக்கு உறை இல்லாத எச்எம்பிஇ, பாலியெஸ்டர் டெயில், ஆனால் எல்லோரும் அதை நைலானைப் பார்த்து ஒதுங்குகிற மாதிரியே ஒதுங்கி நிற்க வேண்டும். சின்ன பல்க் கேரியருக்கும் கோஸ்டருக்கும் பாலியெஸ்டர் கலவை. வயரை நானாகத் தேர்ந்தெடுக்க மாட்டேன், இருக்கிற கப்பலில் ஏறினால் நல்ல தோல் கையுறையோடு ஏறுவேன். முழு நைலான், மன்னிக்கவும், டெயிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பையனுக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "வயர் ஓடின ரோலர்லயும் ஃபேர்லீட்லயும் பள்ளம் விழுந்திருக்குமே, அது நார்க் கயிறை அறுத்துடுமே, அதைக் கிரைண்ட் பண்ணி வழவழன்னு ஆக்கிட்டாங்களா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "பெயின்ட் அடிச்சிருக்காங்க அண்ணே" என்றான்.