அணி இலக்கணம்: அட்டையா, நோட்டா?

மகளுக்குப் பத்தாம் வகுப்பு முடிந்துவிட்டது. அணியும் யாப்பும், அதாவது செய்யுளின் அழகும் கட்டமைப்பும், படிக்க இரண்டு வழியையும் அந்த ஒரு வருஷத்தில் எங்கள் வில்லாபுரம் வீட்டில் பார்த்தாயிற்று. ஒன்று அட்டை: பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒரு பக்கம் அணியின் பெயர், மறுபக்கம் அதன் இலக்கணமும் ஒரு எடுத்துக்காட்டும். இன்னொன்று நோட்டு: நாற்பது பக்க நோட்டில் தினம் ஒரு வரி, காதில் விழுந்ததோ கண்ணில் பட்டதோ எதுவானாலும் சரி, பக்கத்தில் அது என்ன அணி, ஏன் என்று. நான் நோட்டுக் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அட்டைக்கு உரியதை அட்டைக்குக் கொடுக்க வேண்டும். செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பஸ்ஸில் போகும்போதும் புரட்டலாம், பரீட்சையில் அணியின் இலக்கணத்தைப் பிசகாமல் எழுத அதுதான் உதவும். யாப்பில் அட்டைக்குப் போட்டியே இல்லை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம், அசைகள் சேர்ந்து சீராகும் இந்த நாலு வாய்பாட்டையும் மனப்பாடம் செய்யாமல் வேறு வழி கிடையாது. பத்து நிமிஷ வேலை. அப்புறம் பஸ்ஸில் ஊர்ப்பெயர்களைப் பிரித்துக்கொண்டே போகலாம்: மதுரை புளிமா, வைகை தேமா, திருமங்கலம் புளிமாங்கனி. எதுகை, மோனைக்கு எந்த வழியும் ஒன்றுதான்.

அணிக்கு வரும்போதுதான் அட்டை காலை வாரியது. வாரியது என்றால் ஒரே நாளில் இல்லை. காலாண்டுக்கு எல்லாம் ஒப்பித்தாள். அரையாண்டுக்கு உட்கார்ந்தபோது பாதி காணோம். ‘போல’ மறைந்து நிற்கும் எடுத்துக்காட்டு உவமையும், உவமையை மட்டும் சொல்லிப் பொருளை விட்டுவிடும் பிறிது மொழிதலும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. திரும்ப ஒரு வாரம். திருப்புதல் தேர்வுக்கு மறுபடி ஒரு வாரம். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி, தேய்த்தால் பளபளக்கும், விட்டால் கறுத்துவிடும். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணி என்று 35 சொல்கிறது, பள்ளிக்கூடம் கேட்பது அதில் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்துக்கே இத்தனை தேய்ப்பு.

தேய்த்தாலும் ஒரு இடம் கறுப்பாகவே இருந்தது. விடையில் அணியின் இலக்கணத்தை எழுதி, எடுத்துக்காட்டை எழுதி, கடைசியில் அணிப்பொருத்தம் என்று, அந்த அணி அந்தப் பாட்டில் எப்படிப் பொருந்துகிறது என்று, ஒன்று எழுத வேண்டும் இல்லையா, அங்கே போனதும் இலக்கணத்தையே வார்த்தை மாற்றி இன்னொரு தடவை எழுதி வைப்பாள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும்போது கோட்டைக் கொடிகள் அசைகிற இடம்:

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
‘வாரல்’ என்பனபோல் மறித்துக்கை காட்ட

இதை உவமை அணி என்று எழுதியிருந்தாள். கேட்டால், "போல் வந்திருக்கேம்மா, அட்டையில உவம உருபு வெளிப்படையா வந்தா உவமைன்னுதானே இருக்கு?" அட்டையில் இருந்ததும் தப்பில்லை, அவள் படித்ததும் தப்பில்லை. ஆனால் கொடி எதற்கு ஒப்பு என்று அவள் தேடிப் பார்க்கவே இல்லை. காற்றில் கொடி தானாக ஆடுகிறது, வராதே என்று கை காட்டுவதாகக் கவிஞர் தன் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார், அதனால் தற்குறிப்பேற்றம்.

நோட்டு தொடங்கியது அதற்குப் பிறகு. முதல் வரி சமையலறையிலிருந்தே வந்தது. ‘மல்லிப்பூ மாதிரி இட்லி’ உவமை. ‘மாதிரி’யை எடுத்து ‘மல்லிப்பூ இட்லி’ என்றாலும் உவமைதான். அதையே திருப்பி ‘இட்லி மல்லி’ என்றால் உருவகம். மதிமுகம் (நிலா போன்ற முகம்) உவமை, முகமதி (முகமாகிய நிலா) உருவகம் என்று நான் எம்.ஏ.வில் மாய்ந்து மாய்ந்து படித்ததை அவள் இட்லித் தட்டை வைத்துக்கொண்டு முடித்துவிட்டாள். போனும் கையுமாகக் கிடந்தவளைப் பார்த்து அப்பத்தா, "வேலை பார்த்துப் பார்த்துக் கையெல்லாம் தேஞ்சு போச்சேடி, ஒக்காரு ஆத்தா" என்றார். திட்டு வாங்கிய கையோடு புகழ்வதுபோல் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதிக்கொண்டாள், ‘தேவர் அனையர் கயவர்’ குறளையும் கீழே சேர்த்தாள். ஒரு சாயங்காலம் மழை கட்டிக்கொண்டு வந்தபோது எழுதியது: ‘கொடியில் கிடந்த அப்பா வேட்டி, எடு எடு என்று கூப்பிட்டது.’ துணிக்கொடிதான், ஆனால் அதற்கப்புறம் கோட்டைக்கொடியை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் கோட்டைக்கொடி வருகிற அதே காதையில் வையை வருகிற இடத்தை ஒருநாள் படிக்கக் கொடுத்தேன். கண்ணகிக்கு நடக்கப்போவதை முன்பே அறிந்தவள் போல, பூவாடை போர்த்திக் கண்ணீரை மறைத்துக்கொண்டு ஆறு போகிறது. ‘போல்’ அங்கேயும் இருக்கிறது. இந்தத் தடவை ஏமாறவில்லை. "ஆத்துல பூ மிதக்குது, அவ்வளவுதான், மிச்சமெல்லாம் அவரா சொல்றது" என்றாள். இப்போதைய வைகையில் மறைத்துக்கொள்ளக் கண்ணீருக்கே தண்ணீர் கிடையாது, அது வேறு கதை.

பராமரிப்பு என்று பார்த்தால் தினம் ஒரு வரி, அவ்வளவுதான். பரீட்சைக்கு முந்தின வாரம் நோட்டைக் கதைப் புத்தகம் மாதிரி படித்தாள், சிரித்துக்கொண்டே. இலக்கண வாசகத்துக்கு மட்டும் அட்டையை ஒரு தடவை புரட்டினாள்.

பேச்சுப் போட்டிக்கும் நோட்டுத்தான் கை கொடுத்தது. கேட்பவரை நம் பக்கம் இழுக்க உவமை வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், விடை தெரிந்த கேள்வியைக் கேட்க வேண்டும் என்று பட்டியல் போட்டால் மண்டையில் ஏறாது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நோட்டில் ஒரு பக்கத்துக்கு எழுதினாள். கண்ணகி ‘தேரா மன்னா’ என்று ஆரம்பித்தாலும், வழக்கை வென்றது அந்தக் கோபமில்லை. அரசன் தன் வாயாலேயே அரசியின் சிலம்பில் முத்து என்று சொல்லிவிடுகிறான். அப்புறம் அவள் உடைக்கிறாள், உள்ளிருந்து தெறிப்பது மாணிக்கம். சான்றைக் கடைசிவரை கையில் வைத்திருக்க வேண்டும் என்று அதில் கற்றுக்கொண்டாள்.

நோட்டில் தொல்லை இல்லாமலில்லை. முதல் மாதம் எழுதியதில் பாதிக்கு மேல் தப்பு, ராத்திரி கடைக் கணக்கை முடித்துவிட்டு நான்தான் திருத்தினேன். தெருவுக்குப் பாடத்திட்டம் தெரியாது. காதுகுத்து ஃப்ளெக்ஸில் ‘சிங்கம் வருகிறது’ என்று ஒரு மூணு வயசுப் பையன் படம், இது உருவகமா பிறிது மொழிதலா என்று வந்து நின்றாள். இரண்டும் இல்லை, உவமையின் பெயரே ஆளுக்கு ஆகி வரும் உவமையாகுபெயர், அது அணியிலேயே வராது. இதைச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு நான் அட்டையைத்தான் சொல்வேன், தப்பைத் தப்பாகவே எழுதிப் பழகுவதற்கு அது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் ஒரே பிள்ளையை வைத்துப் பார்த்தது, அதுவும் வாயாடிப் பிள்ளை. பேசாத பிள்ளைக்கு நோட்டு எப்படி இருக்குமோ. தம்பி மகன் அந்த ரகம்தான், வருகிற ஜூனில் ஒன்பதாவது போகிறான். அவனுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அட்டைக் கட்டிலிருந்து தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் நாலையும் உருவி அதற்குள் செருகியாயிற்று.