மைலோமா: ஸ்டெம் செல் மாற்று இப்போதா, பிறகா?

மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு நான்கைந்து சுற்று மருந்து முடிந்து நோய் அடங்கியதும், ஆரணியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வேலூருக்கு வந்து வைத்தியம் பார்க்கும் குடும்பங்களின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச் செல்களை) எடுத்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையை உடனே செய்துகொள்வதா, அல்லது மருந்திலேயே தொடர்ந்து, நோய் மறுபடி தலைதூக்கும்போது பார்த்துக்கொள்வதா?

வேலூர் சி.எம்.சி.யில் 1986ஆம் ஆண்டிலேயே எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டதால் இந்த வட்டாரத்துக்கு அது புதிதல்ல. ஆனால் பலரும் நினைப்பது உடன்பிறந்தவரிடமிருந்து பெறும் மாற்றைத்தான். அதில் ஓர் உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பொருந்தினாலும், கொடுத்தவரின் அணுக்கள் பெற்றவரின் தோல், குடல், ஈரலைத் தாக்கும் ஆபத்து உண்டு. சொந்த செல் சிகிச்சையில் அந்த ஆபத்தும் இல்லை, எதிர்ப்பாற்றலை மாதக்கணக்கில் அடக்கும் மாத்திரைகளும் இல்லை. இங்கே புற்றைக் கொல்வது மிக உயர்ந்த அளவில் கொடுக்கப்படும் மெல்ஃபலான் என்னும் மருந்து. அது மஜ்ஜையையும் சேர்த்து அழிப்பதால், முன்பே சேமித்த செல்கள் மஜ்ஜையை மீண்டும் தழைக்கச் செய்கின்றன.

உடனே செய்துகொள்வதற்கு ஆதரவான சான்று வலுவானது. போர்டிசோமிப், லெனாலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் ஆகிய மூன்று மருந்துகளையும் எல்லோருக்கும் கொடுத்து, ஒரு பாதியினருக்கு மட்டும் உடனடி மாற்றையும் சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. மாற்று செய்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் இதைத் தாண்டினார்கள் என்று பொருள்) 67.5 மாதம், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 46.2 மாதம். 2017இல் வந்த பிரெஞ்சு ஆய்விலும் இதே போக்குதான்: 50 மாதம், 36 மாதம். ஆயினும் மொத்த ஆயுளில் இரண்டு ஆய்வுகளும் தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதையும் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்க ஆய்வில் மாற்று செய்தவர்களில் பத்துப் பேருக்குப் பின்னாளில் வேறு வகை ரத்தப்புற்றோ அதற்கு முந்தைய நிலையோ வந்தது. மற்ற பிரிவில் ஒருவருக்கும் வரவில்லை.

அந்தக் கூடுதல் மாதங்களுக்கு நோயாளி கொடுக்கும் விலை முதல் சில வாரங்களில்தான் தெரிகிறது. செல்களை ரத்தத்துக்கு வரவழைக்க நாலைந்து நாள் ஊசி போடுவார்கள். இடுப்பும் முதுகும் கடுக்கும். பிறகு இயந்திரத்துடன் இணைந்து சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அப்போது உதடு மரமரவென்றிருந்தால் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் கால்சியம் இறங்குவதன் அறிகுறி அது. மெல்ஃபலான் ஏறும்போது வாயில் ஐஸ் துண்டுகளை இடைவிடாமல் வைத்திருந்தால் வாய்ப்புண் பெருமளவு குறைகிறது. செல்களைச் செலுத்தும் நாள் எளிதாகவே கடந்துவிடும். கடினம் அதன் பின்னால் வருகிறது: அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்க, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விழுங்க முடியாத தொண்டை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஏற்றுதல் என்று ஒரு வாரம் ஓடும். பொதுவாக 10 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணு ஏறத் தொடங்கும். மருத்துவமனையில் இரண்டு மூன்று வாரம் இருக்க நேரும். முடி கொட்டி மீண்டும் வளரும். களைப்பு சில மாதம் நீடிக்கும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளை மறுபடி போட வேண்டியிருக்கும். ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் அன்போடு வரும் உறவினர்களின் பழக்கூடையையும் கடைச் சாப்பாட்டையும் இந்த நாட்களில் கண்டிப்பாக மறுத்துவிட வேண்டும்.

மருந்துவழி இந்த வாரங்களை மிச்சப்படுத்துகிறது, வேலைக்கும் போகலாம். ஆனால் போர்டிசோமிப் பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யக்கூடும். தறியின் மிதியை நாளெல்லாம் மிதிக்கும் ஆரணி நெசவாளருக்கு அது பிழைப்பையே தொடும் விஷயம். அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, 'பிறகு' என்பது பலருக்கு வராமலே போவது. அமெரிக்க ஆய்வில் மருந்து மட்டும் பெற்று, பின்னர் அடுத்த சிகிச்சைக்குப் போனவர்களில் 28 விழுக்காட்டினர்தான் மாற்று செய்துகொண்டார்கள். ஊருக்கும் வேலூருக்கும் அலைந்து சலித்து, மருத்துவமனைக்கு வரவேண்டிய நாட்களைத் தவறவிடும் குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் சுருங்கிவிடும் என்றே அஞ்சுகிறேன்.

எனவே 65 வயதுக்குள், இதயமும் நுரையீரலும் திடமாக உள்ளவர் உடனே செய்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து. சிறுநீரகம் பழுதுபட்டிருப்பது மட்டுமே தடையாகாது. மெல்ஃபலான் அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள். எழுபதைக் கடந்து தளர்ந்தவருக்கு மருந்துவழியே போதுமானது. இடைப்பட்டவர்கள் மருத்துவரின் சொல்லோடு, ஒரு மாதத்துக்கு மேல் கூடவே இருக்கக்கூடியவர் வீட்டில் யார் என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

தள்ளிப்போடுபவரும் செல் சேகரிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. லெனாலிடோமைடு நெடுநாள் உட்கொண்ட பிறகு போதிய செல் கிடைப்பது கடினம். உடனடி மாற்றுக்கு, எடுத்த செல்களை 4 டிகிரி குளிரில் ஓரிரு நாள் வைத்தே திருப்பிச் செலுத்தும் முறை நம் நாட்டில் உண்டு. தள்ளிப்போடுவதானால் அது உதவாது, ஆழ்குளிரில் உறையவைத்தாக வேண்டும். அந்த வசதி உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, காப்பீடு அதை ஏற்கிறதா என்பதைச் சேகரிப்புக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.